உச்சிக் கிளையில் ஒரு மூட்டை

இன்று திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வந்தேன். கிளியனூர் தாண்டியதும் ரோட்டோர ஆலமரத்தில் ஒரு வைக்கோல் மூட்டை தொங்கியது. உள்ளே பசுவின் நஞ்சுக்கொடி இருக்கும். பால் வடியும் மரத்தில் கட்டினால் மடி நிறையும் என்பார்கள்.

எண்பதுகளில் எங்கள் பசு மாதம் நிறையாமலே கன்று வீசியது. அப்பா அந்தக் கொடியையும் ஊர் ஆலமரத்தில் கட்டினார்.

பிறகு அந்த நிழலில் மேய்ந்த சினைமாடுகள் ஒவ்வொன்றாகக் கன்று வீசின.

மாட்டு டாக்டர் வந்து மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"இது தொத்து நோய்ங்க. மூட்டையில இருந்து சொட்டுறது புல்லுல எறங்குது. குழி தோண்டி சுண்ணாம்பு போட்டுப் பொதைச்சிடுங்க. பாலைக் காய்ச்சாம குடிக்காதீங்க, மனுசங்களுக்கும் வரும்."

"பொதைச்சா மடி வத்திடும்ங்களே," என்றார் அப்பா.

டாக்டர் போனதும் அப்பா மூட்டையை அவிழ்த்தார். புதைக்கப் போகிறார் என்றுதான் நினைத்தோம்.

"மாடு வாய் வைக்காத ஒசரத்துல கட்டிட்டா சரியாப் பூடும்," என்று உச்சிக் கிளையில் கட்டினார்.

காற்றடித்தபோது அது இன்னும் தூரம் சொட்டியது.

இன்று பார்த்த மூட்டையும் உச்சிக் கிளையில்தான் இருந்தது. கீழே ஒரு சினைப்பசு மேய்ந்துகொண்டிருந்தது. பஸ் நிற்கவில்லை.

டீக்குப் பால் வாங்கும் முன், உங்கள் ஊர் ஆலமரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து, மூட்டை தொங்குகிறதா என்று எழுதுங்கள்.