லொறி ஏறிய கால் எந்தக் கணக்கில்?

டொக். கொஞ்சம் அமைதி. மறுபடி டொக். அதன் பின்னால் ஒரு செருப்பு இழுபடும் சத்தம். லொறி அடித்த ஆட்களுக்கு வழக்குப் பேசுகிற கந்தோரில் வேலை செய்கிறவனுக்கு, வருகிறவரின் முகத்துக்கு முந்தி ஊன்றுகோல்தான் அறிமுகமாகும்.

முல்லைத்தீவில் ஒரு பெண் சட்டத்தரணியிடம் எனக்குத் தட்டெழுத்து வேலை. மிஸ் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். பகல் முழுக்க மிஸ் நீதிமன்றத்தில் நிற்பா; பின்னேரம் ஆட்களைச் சந்திப்பா. அவா சொல்லுகிறதையெல்லாம் இரவில் இருந்து தட்டி முடிப்பது நான். படுத்தாலும் எனக்கு நித்திரை வராது. அந்த வியாதிக்கும் ஒரு சம்பளம் கிடைக்கிறதே என்று ஒரு ஆறுதல். சட்டம் படித்தவனில்லை, தட்டித் தட்டிப் பழகியவன். வாசிக்கிற நீங்களும் நெல் லொறிக்கு வழிவிட்டு, சைக்கிளோடு பற்றைக்குள் இறங்கி நின்ற ஆட்கள்தானே. உங்களுக்கு நான் அதிகம் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

சில்லுக்குக் கீழே

அன்று படியேறி வந்தது தவமணி அக்கா. தண்ணீரூற்றுச் சந்தியோரம் பின்னேரங்களில் அப்பம் சுட்டு விற்கிறவா. நெல் ஏற்றிய லொறி ஒன்று பார்க்காமல் பின்னுக்கு எடுத்ததில், அடுப்பண்டை நின்றவா விழுந்து, வலது கால் பின்சில்லுக்குள் போய்விட்டது. சனம் கூடிவிட்டது. லொறி ஓடிய பெடியன் இறங்கி வந்து, நசிந்து கிடந்த காலைக் கண்டதும் தலையில் கைவைத்துக் குந்திவிட்டானாம். "ஐயோ, அம்மாட கால் போச்சு!" என்று ஒரே கத்தல்.

முழங்காலுக்குக் கீழே அக்காவுக்கு இருந்தது செயற்கைக் கால். சண்டைக் காலத்தில் இழந்ததற்குப் பதிலாகப் பூட்டியது. நொந்துபோன முழங்காலைப் பிடித்துக்கொண்டு, விழுந்த இடத்தில் இருந்தபடியே அவா அவனைத் தேற்றியிருக்கிறா:

"கத்தாத மோனை. அது முந்தியே போனது."

அப்பிள்

முழங்கால் கன்றி வீங்கியதால் ஆஸ்பத்திரியில் மறித்து வைத்துவிட்டார்கள். பெடியன் ஒரு நாளும் தவறாமல் அப்பிளும் பால்மா டின்னுமாக வந்து கட்டிலோரம் நின்றான். எங்கள் பக்கத்தில் இதற்குப் பிறகு வழக்கு இல்லை. பார்க்க வந்தவனைக் கோட்டுக்கு இழுத்தால் ஊர் என்ன சொல்லும்? இந்தத் தொழிலில் எங்களுக்கு உண்மையான எதிராளி இந்த அப்பிள்தான்.

அக்காவும் அதைத்தான் கேட்டா. "அவன்ர அப்பிளைத் திண்டுட்டு எப்பிடி மிஸ் வழக்குப் போடுறது?" ஆனால் வேறு கால் செய்து கிடைக்க மாதக்கணக்கில் ஆகும். அப்பச் சட்டியை இரண்டு கையாலும் பிடித்துச் சுழற்ற வேணும். ஊன்றுகோலுக்கு மூன்றாம் கை இல்லை. வீட்டில் அவாவும் படிக்கிற மகளும். இருவருக்கும் அந்த அடுப்புத்தான் சாப்பாடு. நட்டஈடு கட்டப்போவது பெடியன் இல்லை, லொறியைக் காப்புறுதி செய்த கொம்பனி என்று மிஸ் ஆறுதலாக எடுத்துச் சொன்னா. அக்கா ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு நிமிர்ந்து இருந்தா.

"அவையள் ஒரு அப்பிளும் கொண்டுவரேல்லைத்தானே. போடுங்கோ வழக்கை."

தேய்மானம்

கொம்பனியின் அலுவலர் எங்கள் கந்தோருக்கே வந்தார். மரியாதையான மனிதர், தேத்தண்ணியை மிச்சம் விடாமல் குடித்தார். பேச்சில் மட்டும் பிடிகொடுக்கவில்லை. உடம்பில் பெரிய காயம் ஒன்றும் இல்லையாம். உடைந்தது ஒரு சாமான். சைக்கிள் நசிந்தது மாதிரி. பொருள் சேதம் என்று வேணுமானால் போடலாம். அதுவும் இலவசமாகக் கிடைத்தது, பாவித்துப் பழசானது, தேய்மானம் கழிக்க வேணும். தொழில் கெட்டதற்குக் கேட்பதென்றால் உடல் காயம் இருக்க வேணும் என்று கையை விரித்தார்.

மிஸ் வாயைத் திறக்குமுன் அக்கா முந்திக்கொண்டா. முகத்தில் கோபமே இல்லை. உண்மையாகவே அறிய ஆசைப்படுகிறவா மாதிரி.

"ஐயாக்கு ஐம்பதுக்கு மேல இருக்கும், என்ன? உங்கட காலுக்கு எவ்வளவு கழிச்சிருக்கினம்?"

முன்னுக்கு வாங்கோ

பகலில் நான் நீதிமன்றப் பக்கம் போகிறதில்லை. அன்று போனேன், வீட்டில் இருக்க மனம் கேட்கவில்லை. கொம்பனிக்காக வந்த சட்டத்தரணி அதே பொருள் சேதத்தையே பிடித்துக்கொண்டு நின்றார். கேட்டுக்கொண்டிருந்த நீதிபதி, வழக்காளியைக் கொஞ்சம் முன்னுக்கு வரச் சொன்னார்.

அக்கா கடைசி வாங்கில் இருந்தா. எழும்பினா. ஊன்றுகோலைத் தேடி எடுத்தா. வாங்குகளுக்கிடையில் ஒடுக்கமான வழி. ஆட்கள் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். பொலிஸ்காரர் ஒருவர் தாங்கப் போக, வேண்டாம் என்று தலையாட்டினா. பாதி வழியில் நின்று மூச்செடுத்தா. கொம்பனிச் சட்டத்தரணி தன் கோப்பின் நாடாவை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார். அக்கா வந்து சேர்ந்த பிறகுதான் நீதிபதி அவர் பக்கம் திரும்பினார்.

"இவா வந்து சேர்ந்ததைப் பாத்தீங்கள்தானே. இதில நசிஞ்சது சாமானா?"

சந்தியில்

அடுத்த தவணைக்கு முன்னமே கொம்பனி சமாதானத்துக்கு வந்தது. உடல் காயம் என்றே ஏற்றுக்கொண்டு, புதுக் காலுக்கும், தொழிலில்லாமல் இருந்த காலத்துக்கும் சேர்த்துத் தர ஒத்துக்கொண்டது. அதைத் தட்டியதும் நான்தான். 'உடல்' என்ற சொல் வந்த இடத்தில் விரல் கொஞ்சம் பலமாக விழுந்திருக்கும்.

போன கிழமை வேலைக்குப் போகிற வழியில் அப்பம் சாப்பிடச் சந்தியில் இறங்கினேன். அக்கா அடுப்புக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, இரண்டு கையாலும் சட்டியைச் சுழற்றிக்கொண்டிருந்தா. வாங்கில் அந்த லொறிப் பெடியன் இருந்து பாலப்பம் தின்றுகொண்டிருந்தான். லொறி மட்டும் எங்கோ தள்ளி, மதகடியில் நின்றது. ஏன் தம்பி அவ்வளவு தூரத்தில் என்று கேட்டேன். அவன் வெட்கப்பட்டுச் சிரித்தான். அக்கா சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னா:

"இவர் சந்திக்குள்ள லொறி கொண்டுவாறது தடை. நான் போட்ட சட்டம். மிஸ்ஸுக்குச் சொல்லிப்போடாத."

ஊரில் யாருக்காவது அடிபட்டால்தான் எங்களுக்கு அடுப்பு எரியும் என்ற இந்தத் தொழிலில், அடிபட்டவாவின் அடுப்பில் எங்கள் வயிறு நிரம்புகிற பின்னேரமும் ஒன்று வரும் என்று நினைத்துக்கொண்டு கந்தோரைத் திறந்து, மேசையைத் துடைத்து, பிரிண்டருக்குத் தாள் அடுக்கினேன்.