கதிரவெளிச் சுவரில் பிதாவும் மகனும்

கோயில் சுவரில் படம் கீறுகிறவனுக்குக் கடவுள் ஒருவர்தான் மேற்பார்வை என்று நினைத்தால், நீங்கள் இன்னும் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. பிரஷ் பிடிக்கிற ஆட்களுக்கு நான் சொல்வது விளங்கும். பூசைக்கு வருகிறவர், பூ வைக்க வருகிறவர், வெளியே வலை காயவிடுகிறவர் என்று எல்லோரும் ஏணியடியில் நின்று ஒரு திருத்தம் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். கதிரவெளியில் எனக்குக் கிடைத்த வேலை, பீடத்துக்குப் பின்சுவரில் மூவொரு கடவுள். சிலுவையிலிருந்து இறக்கிய மகனைப் பிதா இரண்டு கையாலும் தாங்கியிருக்க, மேலே புறாவாகத் தூய ஆவி. அதுதான் பங்குச் சுவாமி கேட்ட படம்.

யாருக்கு வயது கூட?

வழக்கப்படி பிதாவுக்கு நரைத்த தாடியும் மகனுக்குக் கறுத்த தாடியும் வைத்தேன். கோயில் சபைத் தலைவி யோசபின் ரீச்சர் காலமெல்லாம் மறைக்கல்வி படிப்பித்தவர். இதைப் பார்த்தால் மகன் பிந்தி வந்தவர் என்று பிள்ளைகள் எடுத்துவிடும் என்றார். பிதா எப்போதிருந்தோ அப்போதிருந்தே மகனும் இருக்கிறார், அவர்களுக்குள் மூப்பு இளமை கிடையாது என்பது அவர் நியாயம். மறுத்துப் பேச எனக்குப் படிப்பில்லை. நரையை அழித்து இருவரையும் ஒரே வயதாக்கினேன்.

அடுத்த நாள் கோயில் கூட்ட வந்த செல்லம்மாக்கா, கூட்டுவதை நிறுத்திவிட்டு வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். மறுகா என்னிடம் சொன்னார்: "இப்ப ரெண்டு பேரும் அண்ணன் தம்பி மாதிரிக் கிடக்கு மனே. இதுல ஆரை அப்பா எண்டு கும்பிடுற?"

நீலம்

அதைக் கேட்டு ரீச்சருக்கும் சிரிப்பு வந்தது; கொஞ்சம் நரைக்குச் சம்மதித்தார். வெள்ளையும், வானத்துக்கு நீலமும் வாங்க ஓட்டமாவடிக்கு பஸ் ஏறினேன். பெயின்ற் கடை ஹனிபா நாநா எனக்குப் பழக்கமானவர். என்ன படம் என்று விசாரித்தார், சொன்னேன். கடவுளுக்கு மகன் என்பதை நீங்கள் எப்படி விளங்கிக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். வம்புக்கில்லை, அறியத்தான். ஈசா நபியை அவர்களும் மதிக்கிறார்கள். ஆனால் இறைவன் யாரையும் பெறவில்லை என்பது அவர்கள் நம்பிக்கை.

விளக்கும் அதன் வெளிச்சமும் போல என்று தொடங்கி, எது விளக்கு எது வெளிச்சம் என்று நானே பாதியில் குழம்பிப்போனேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நான் எடுத்து வைத்த நீல டின்னைத் திரும்ப அலுமாரியில் வைத்து, வேறொன்றைக் கையில் தந்தார். "கடவுளுக்கு மகன் எண்டதுல நமக்கு உடன்பாடு இல்ல தம்பி. ஆனா உப்புக்காத்துக்கு அந்த நீலம் நிக்காதெண்டதுல ரெண்டு பேருக்கும் உடன்பாடுதானே."

கழுத்து

அந்தோனியண்ணன் கடல்தொழிலாளி. அவருடைய ஒரே மகன் டெனிஸ், போன வருசம் தகப்பனோடு கடலுக்குப் போன இடத்தில் வள்ளம் கவிழ்ந்து செத்துப்போனான். அவனை அலையிலிருந்து தூக்கி வந்தது தகப்பன்தான். அடக்கத்துக்குப் பிறகு அவர் கோயிலுக்குள் கால் வைக்கவில்லை. மனைவியைப் பூசைக்குக் கூட்டிவந்து வாசலோடு நின்றுவிடுவார். நான் வேலை செய்த நாட்களில் வாசலில் குந்தியிருந்து சுவரைப் பார்ப்பார். நானாகப் பேச்சுக் கொடுக்கவில்லை.

பிதாவின் முகத்தை முடித்த அன்று எழும்பி உள்ளே வந்தார். நான் கீறியிருந்தது நேராகச் சனத்தைப் பார்க்கிற, சலனமில்லாத முகம். சாகிற நேரம் ஏன் என்னைக் கைவிட்டீர் என்று மகன் கேட்டாரே, அப்போது தகப்பன் எங்கே பார்த்துக்கொண்டிருந்தார் என்று என்னிடம் கேட்டார். டெனிசும் கூப்பிட்டிருப்பான், வள்ளத்தின் மற்றப் பக்கத்தில் கிடந்த தனக்கு அலைச்சத்தத்தில் கேட்கவில்லை என்றார். ஏணியால் இறங்கி அவர் பக்கத்தில் நின்றேன்.

பிள்ளையைத் தாங்கிய மாதிரியே அவர் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். தலை தானாகக் குனிந்தது. "மகனைக் கையில வெச்சிருக்கிற தகப்பன் சனத்தைப் பார்க்கமாட்டார் தம்பி."

ரீச்சரின் தீர்ப்பு

அன்று பின்னேரமே அந்த முகத்தை அழித்தேன். கழுத்தைச் சரித்து, கண்களை மகனின் முகத்தில் இறக்கினேன். சபைக்குப் பிடிக்கவில்லை. கடவுள் எங்களைப் பார்க்காமல் இருப்பதா என்று கேட்டார்கள். சிலுவையில் பாடுபட்டது மகன்தானே, பிதாவுக்கு ஏன் இந்தத் துயர முகம் என்று ஒருவர் நியாயமாகவே கேட்டார். சுவாமி முடிவை ரீச்சரிடம் விட்டார்.

அந்தோனியண்ணன் சொன்னதை ரீச்சருக்குச் சொன்னேன். டெனிசைச் சின்ன வயதில் படிப்பித்து முதல்நன்மைக்கு ஆயத்தப்படுத்தியவர் ரீச்சர்தான். பீடத்தடிக்குப் போய் அந்த முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இத்தினை வருசம் படிப்பிச்சும் இதை நான் ஒரு பிள்ளைக்கும் சொல்லிக் குடுக்கல்ல. அழிக்காதிங்க தம்பி, அப்படியே இருக்கட்டும்."

ஞாயிறு பூசைக்கு அந்தோனியண்ணன் மனைவியோடு உள்ளே வந்து, கடைசி வரிசை வாங்கில் இருந்தார்.

பிதாவுக்கும் மகனுக்கும் என்ன உறவு என்று கேட்டால் இன்றைக்கும் எனக்கு நாக்குத்தான் குழறும், பிரஷைத் தந்தால் ஒருமாதிரிச் சமாளித்துவிடுவேன்.