சித்தப்பாவின் லினக்ஸும் அம்மாவின் வெள்ளிக்கிழமைகளும்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் வீட்டுக்கு ஒரு சின்ன லெப்டொப் வந்தது. கொண்டுவந்தவர் சித்தப்பா. கண்டி டவுனில் கம்ப்யூட்டர் திருத்தும் கடையொன்றில் வேலை செய்தார். யாரோ வேண்டாமென்று விட்டுப்போன லெப்டொப் அது. என்னுடைய பாடப் புத்தகத்தை விடக் கொஞ்சம்தான் பெரிது. மூடியின் ஒரு மூலை உடைந்திருந்தது. பேட்டரி செத்துப்போயிருந்ததால் வயரைப் பிடுங்கினால் உடனே அணைந்துவிடும். விண்டோஸைத் தாங்குகிற தெம்பு அதற்கு இல்லை என்று சொல்லி, சித்தப்பா அதில் லினக்ஸ் போட்டிருந்தார்.

அம்மா குவைத்தில் ஒரு வீட்டு வேலைக்குப் போய் அப்போது ஒரு வருடமாகியிருந்தது. அப்பா புசல்லாவையில் ஒரு பேக்கரியில் பாண் போடுகிறவர். அவரிடம் இருந்தது பழைய பட்டன் போன். அதில் அம்மாவின் குரல் எப்போதாவது வரும், நலம் விசாரித்து முடிப்பதற்குள் போய்விடும். முகம் பார்த்துப் பேச வேண்டுமென்று அக்காவும் நானும் அழுததால்தான் லெப்டொப் வந்தது.

லினக்ஸைப் பற்றிப் பேசத் தொடங்கினால் சித்தப்பா கோயில் திருவிழாவுக்கு ஆள் சேர்க்கிறவரைப் போல ஆகிவிடுவார். வைரஸ் வராது, இலவசம், சாகக் கிடக்கிற மெஷினையும் எழுப்பிவிடும் என்று அடுக்கிக்கொண்டே போவார். தம்பி மனம் நோகக்கூடாது என்பதற்காக அப்பா தலையாட்டுவார். எனக்கு ஒன்றும் விளங்காது. ஆனால் கறுப்புத் திரையில் சித்தப்பா வெள்ளை எழுத்துகளைத் தட்டத் தட்ட மெஷின் பதில் சொல்வதைப் பார்க்க ஆசையாக இருக்கும்.

பதில் எப்போதும் நல்ல பதிலாக இருக்கவில்லை. இன்டர்நெட்டுக்கு வாங்கிய டொங்கிளைச் சொருகினால் அதை ஒரு சீடி என்று லினக்ஸ் நினைத்துக்கொண்டது. ஞாயிறு பஸ்ஸில் வந்து, சாப்பாட்டையும் மறந்து உட்கார்ந்து, சித்தப்பா அதை நம்பவைத்தார். "அது சீடி இல்ல, டொங்கிள்னு புத்தி சொல்லிட்டேன் பாப்பா" என்று என்னிடம் சொன்னார். ஜன்னல் கம்பியில் டொங்கிளைக் கட்டி வைத்தால் மட்டும் சிக்னல் வந்தது.

அதன் பிறகு வந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா திரையில் தெரிந்தார். பின்னால் அரிசி மூட்டைகள் இருந்தன. அந்த வீட்டின் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து, தன்னிடமிருந்த போனில் மெல்லிய குரலில் பேசினார். எனக்குப் பல் விழுந்த இடத்தைக் காட்டச் சொன்னார். நான் வாயைத் திறந்து கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். அம்மா சிரித்தார். அந்த ஞாயிறு வந்த சித்தப்பாவுக்கு அப்பா பேக்கரியிலிருந்து கேக் கொண்டுவந்து கொடுத்தார்.

வெள்ளிக்கிழமைகள் அப்படியே நன்றாகப் போய்க்கொண்டிருந்தன. தீபாவளி கழிந்த பிறகு ஒரு வெள்ளி அம்மா வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை. அந்த வீட்டில் வேலை கூடியிருக்கும் என்றார் அப்பா. அதற்கடுத்த வாரம் வந்தார். தலையில் போட்டிருந்த துணியைக் காது மூடும்படி இறுக்கிக் கட்டியிருந்தார். நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். அம்மா கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கேக்கல. சத்தம் வரல்ல" என்றார்.

நாங்கள் கத்தினோம். பக்கத்து வீட்டு அக்கா என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினோம். "ஏதோ கொஞ்சமா வருது. லைன் சரியில்ல போல" என்று சொல்லி அம்மா வைத்துவிட்டார்.

அப்பா பட்டன் போனில் சித்தப்பாவைக் கூப்பிட்டார். சித்தப்பா கண்டியிலிருந்து எழுத்து எழுத்தாகச் சொல்ல, அக்கா தட்டினாள். திரையில் சத்தத்தின் அளவைக் காட்டும் பட்டைகள் வரிசையாக நின்றன. மைக் என்று போட்டிருந்த பட்டை பாதியில் நின்றது. அக்காவுக்குப் பொறுமை இல்லாததால் அந்த வேலை என் கைக்கு வந்தது. மேல் அம்பை அமுக்கினால் பட்டை பச்சையிலிருந்து வெள்ளையாகி சிவப்பில் போய் நிற்கும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அம்மா வருவதற்கு முன் சிவப்பு வரை ஏற்றிவிட்டு, மைக்குக்குப் பொறுப்பான ஆள் என்ற பெருமையோடு காத்திருப்பேன்.

அம்மா வந்ததும் சொல்வது ஒன்றுதான்: "கேக்கல."

சித்தப்பா விடவில்லை. அக்குறணையில் ஒரு கடையில் தேடி வெளியே பூட்டுகிற மைக் ஒன்று வாங்கி வந்தார். அதுவும் சரிவரவில்லை. லினக்ஸை முழுதாக அழித்து வேறொரு லினக்ஸ் போட்டார். கடையிலிருந்து எங்களைக் கூப்பிட்டுப் பேசிப் பார்த்தார். கண்டிக்கு எங்கள் குரல் மணி போலக் கேட்டது. குவைத்துக்கு மட்டும் போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொதுவாக யாரையும் ஏசாத அப்பா, "சும்மா கெடச்சத வச்சுக்கிட்டா இப்படித்தான்டா. புள்ளைங்க அந்த ஒரு நாளைக்குத்தானே பாத்துக்கிட்டு இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டார்.

சித்தப்பாவின் முகம் சுருங்கிப்போனது. "லினக்ஸ்ல பிழை இல்லண்ணே" என்றார் மெதுவாக. அன்றைக்குச் சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டார். சித்தப்பாவுக்காக எனக்கு அழுகை வந்தது. மைக் பட்டையை ஏற்றத் தெரிந்த என்னையும் சேர்த்துத்தான் அப்பா ஏசினார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை லீவு போட்டுக்கொண்டு சித்தப்பா வந்தார். முதலாளியிடம் கெஞ்சி வாங்கிய புத்தம்புதிய லெப்டொப் ஒன்று கையில் இருந்தது. "இதுல லினக்ஸ் இல்லண்ணே. விண்டோஸ்தான். பேசிப் பாருங்க" என்று அப்பாவின் முன்னால் வைத்தார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்கே விளங்கியது.

திரையில் அம்மா முன்னை விடத் தெளிவாகத் தெரிந்தார். மெலிந்திருந்தார். அப்பா, "கேக்குதா?" என்றார். அம்மா முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு அப்பாவின் வாயையே பார்த்தார். "கொஞ்சம் சத்தமா பேசுங்க" என்றார். நான் முழுப் பலத்தையும் சேர்த்து, "அம்மா" என்று கத்தினேன். அம்மாவின் கண்கள் என் உதட்டுக்கு வந்தன. "ஆ, சொல்லு பாப்பா" என்றார். நான் என்ன சொன்னாலும் அதற்குப் பிறகு "ஆ, ஆ" என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தார்.

சித்தப்பா குனிந்து கேமராவுக்கு நேராக வந்தார். விரலால் தன் காதைத் தொட்டுக் காட்டினார். அம்மாவின் கை தலைத்துணியை இன்னும் கீழே இழுத்தது. பிறகு சிரித்தார். "லைன் சரியில்ல தம்பி. அடுத்த வாரம் எடுக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் துள்ளி எழுந்தேன். "அப்ப பிழை அம்மா போன்லதான். நம்ம லெப்டொப்ல இல்ல" என்றேன். அப்பா செருப்புக்கூடப் போடாமல் எழுந்து வெளியே போனார். சித்தப்பா புது லெப்டொப்பின் வயரை மிக மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தார். தன் பக்கம்தான் சரியென்று நிரூபித்த மனிதர் ஏன் இப்படி இருக்கிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அதற்குப் பிறகு மைக்கை யாரும் கவனிக்கவில்லை. அக்கா பேசுவதை விட்டுவிட்டு எழுதத் தொடங்கினாள். தமிழில் எழுதினால் முதலில் கட்டம் கட்டமாகத்தான் வந்தது. சித்தப்பா வந்து தமிழ் எழுத்துருவையும் கீபோர்டையும் சரிப்படுத்திக் கொடுத்தார். அக்கா எழுத எழுத அம்மா வாசித்துவிட்டு வாயால் பதில் சொல்வார். சில கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் அழுவார். அப்போதெல்லாம் அக்கா திரையை என் பக்கமிருந்து திருப்பிவிட்டு, "நீ போய் வெளையாடு" என்பாள். என் வேலையைப் பிடுங்கிக்கொண்டாள் என்று அக்காவோடு நான் பல நாள் பேசவில்லை.

அப்பாவும் சித்தப்பாவும் கண்டிக்கு, அம்மாவை அனுப்பிய ஏஜென்சிக்கு, அலைந்தார்கள். அடுத்த வருடம் சித்திரைப் புத்தாண்டு முடிந்த பிறகுதான் அம்மா வந்து சேர்ந்தார். அப்பா கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போய்க் கூட்டிவந்தார். பேக்கரிக்கு முன்னால் இருவரும் பஸ்ஸை விட்டு இறங்கியதை ரோட்டின் இந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டு, "அம்மா" என்று கூவிக்கொண்டு ஓடினேன். அம்மா திரும்பவில்லை. அப்பா தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பினார். பிளேனில் வந்த மயக்கமாக இருக்கும் என்று நினைத்தேன்.

அக்கா எனக்கு எல்லாவற்றையும் சொன்னபோது நான் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் ஏ.எல். படித்துக்கொண்டிருந்தேன். குவைத்தில் அந்த வீட்டு எஜமானி கோபத்தில் அம்மாவை ஓங்கி அடித்தது இடது காதில். சீழ் பிடித்து இரண்டு வாரம் காய்ச்சலில் கிடந்திருக்கிறார். டாக்டரிடம் கூட்டிப்போகவில்லை. அந்தக் காது முழுதாகப் போய், மற்றதும் பாதியாகிவிட்டது. இப்போது அம்மா வலது காதில் மெஷின் மாட்டியிருக்கிறார். வீட்டுக்குள் பேசுவது கேட்கும். மழை பெய்தால் கேட்காது. அன்றைக்கு இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது.

அம்மா வந்த மறுநாள் காலையில் அவரைக் கதிரையில் உட்காரவைத்து லெப்டொப்பைத் திறந்தேன். மைக்கை சிவப்பு வரை ஏற்றினேன். இத்தனை மாதமாக நாங்கள் குற்றவாளிகளைப் போல இருந்திருக்கிறோம், அதைத் தீர்த்துவிட வேண்டும் என்று எனக்கு இருந்தது. "அம்மா கேக்குதா" என்று பேசிப் பதிந்து, அதைத் திருப்பிப் போட்டேன். அம்மா குனிந்து வலது காதை ஸ்பீக்கரோடு ஒட்டவைத்துக் கேட்டார். திரும்பவும் போடச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை.

"நல்லா கேக்குது" என்றார்.

"பாத்தீங்களா? ஒங்க போன்தான் சரியில்ல" என்று அவர் காதுக்குப் பக்கத்தில் போய்ச் சொன்னேன்.

அம்மா என் தலைமுடியை ஒதுக்கிவிட்டார். "ஆமா பாப்பா. போன்தான். கீழ விழுந்து அடிபட்டுருச்சு. ஒங்க மேல ஒரு பிழையும் இல்ல."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பாவின் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி சித்தப்பாவைக் கூப்பிட்டேன். "சித்தப்பா, லினக்ஸ்ல ஒரு பிழையும் இல்லயாம். அம்மா போன்தான் கீழ விழுந்து அடிபட்டுச்சாம். அம்மாவே சொன்னாங்க" என்றேன்.

அந்தப் பக்கம் கடையில் யாரோ சிங்களத்தில் பேசுவது மட்டும் கேட்டது.

"அம்மாவா சொன்னாங்க?" என்றார் சித்தப்பா.

"ஆமா."

"சரி. போன அம்மாகிட்ட குடு பாப்பா." நான் உள்ளே திரும்புவதற்குள், "இல்ல, வேணாம். வேணாம். நான் ஞாயித்துக்கிழம நேர்ல வந்தே பேசிக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அம்மா வீட்டுக்குள்ளேதான் இருந்தார், கூப்பிடுகிற தூரத்தில். ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். கடையில் வேலை அதிகம் போல என்று நினைத்துக்கொண்டு, போனைக் கொண்டுபோய் அப்பாவிடம் கொடுத்தேன்.