குண்டனுக்கு டமார், சீமாட்டிக்கு டிக்கு

படம் வாயத் தொறக்காத காலத்துல, வெள்ளத் துணியில துப்பாக்கிய நீட்டுனவன் எவனா இருந்தாலும் சரி, சுட்டது நாந்தான். திரைக்குப் பின்னால குந்திக்கிட்டு, கை ஒரு பக்கம் கண்ணு ஒரு பக்கம்னு பொழப்பு நடத்துனவங்க உங்கள்ல யாராச்சும் இருந்தா, நான் பட்ட பாடு உங்களுக்குப் புரியும். மத்தவங்க சிரிச்சுக்குங்க.

ஒரு சாக்கு, மூணு துப்பாக்கி

நாங்க மலாயாவுல, காம்பார் பக்கத்து ரப்பர் தோட்டத்துல கித்தா பால் வெட்டுனவங்க. எங்க வீட்டுக்காரரு தப்பு அடிச்சாருன்னா சாமி வராத ஆளுக்கும் சாமி வரும். அதக் கேட்டுட்டுதான் ஈப்போவுல வாயாங் கொட்டகை, அதான் படக் கொட்டகை, வச்சிருந்த சீன மொதலாளி தவுக்கே, "நீ வா, எனக்குச் சத்தம் போடு"ன்னு கூட்டியாந்தாரு. கொட்டகைக்குப் பின்னால ஒரு ரூமு குடுத்தாரு. மழ பேஞ்சா ஒழுவும், ஆனா தோட்டத்து லயத்து வீட்ட விடப் பெருசு. ஒழுவுற எடத்துல ஒரு சட்டி வச்சிருந்தேன், அந்தச் சட்டி எங்க மாமியா குடுத்தது, அது ஒரு தனிக் கத. இப்ப வேணாம்.

வந்து கொஞ்ச நாள்லயே எங்க வீட்டுக்காரரு மாட்டு வண்டியில இருந்து விழுந்து மணிக்கட்ட ஒடச்சுக்கிட்டாரு. அந்த நேரம் பாத்து பேங்குக் கொள்ளப் படம் ஒண்ணு கப்பல்ல வந்து எறங்கிருச்சு. படத்துல மூணு திருடங்க. குண்டன் ஒருத்தன், அவன்கிட்ட ரெட்டக் குழல் துப்பாக்கி. மீசக்காரன் ஒருத்தன், அவன்கிட்ட ரிவால்வரு. மூணாவது ஒரு சீமாட்டி, கைப்பையில சுண்டு விரல் நீளத்துக்கு ஒரு துப்பாக்கி வச்சிருப்பா. சத்தம் போட ஆளு இல்லன்னா ரூமும் இல்லன்னு தவுக்கே சொல்லிட்டாரு. தோட்டத்துல எங்க வீட்டுல வேற ஆளு குடி வந்தாச்சு. திரும்பிப் போக வழி இல்ல. அதனால எங்க வீட்டுக்காரரு சத்தச் சாமான் போட்டு வச்சிருந்த சாக்குக்கு முன்னால நான் போயி உக்காந்தேன். மீசைக்கு தோல் தலையணயில ரொத்தான் பெரம்பால ஒரு வீசு. சீமாட்டிக்கு சிகரெட்டு டின்னுல மூங்கில் சிம்பு. குண்டனுக்கு கீலு வச்ச ரெண்டு பலகைய டமார்னு சாத்தணும். எதுக்கு இத்தன, ஒரு ரொத்தான் போதாதான்னு தவுக்கேகிட்ட கேட்டேன். அவரு சுருட்ட வாயில இருந்து எடுத்துட்டு சொன்னாரு: "எல்லாம் ஒரே சத்தம்னா, மூணு ஆளுக்கு நான் எதுக்கு படம் வாங்குறது லா?"

மொத ஆட்டம்

திரைக்கு முன்னால நின்னு கத சொல்றவரு காசிம் அண்ணே. தஞ்சாவூர்ப் பக்கத்து ஆளு. பகல்ல பசார்ல துணிக் கட, சாயந்தரமானா கையில கோலோட இங்க நிப்பாரு. படத்துல எழுத்து வந்தா தமிழ்லயும் மலாய்லயும் எடுத்துச் சொல்லுவாரு. யாரு சுடப் போறான்னு அவரு சாடை சொன்னா, நான் பின்னாலருந்து அடிக்கணும். நான் இருந்த எடத்துல இருந்து படத்த அண்ணாந்துதான் பாக்கணும். ஆளுங்க மூஞ்சியே சரியாத் தெரியாது, எல்லாம் மூக்குத் தொளயா இருக்கும். அதனால அவரு கொரலத்தான் நம்பியிருந்தேன்.

பேங்கு வாசல்ல குண்டன் ஒரு பக்கம், சீமாட்டி ஒரு பக்கம். காசிம் அண்ணே, "இதோ! எடது பக்கத்து ஆளு சுடப் போவுது!"னு கத்துனாரு. நான் எடது பக்கம் பாத்தேன், சீமாட்டி நின்னா. டிக்குன்னு ஒரு தட்டு. "சோத்தாங்கைப் பக்கம் சுடுது!"ன்னாரு. அங்க குண்டன். பலகைய ஓங்கி டமார்னு சாத்துனேன். கொட்டகையே இடிஞ்சு விழுற மாதிரி சிரிப்பு. என்னடா இது, நல்லாத்தானே அடிச்சோம்னு நான் முழிக்கிறேன். முன் பெஞ்சுல இருந்து எவனோ எந்திரிச்சுக் கத்துனான்: "டேய் குண்டா, துப்பாக்கிய அந்தம்மாகிட்ட குடுத்துட்டு நீ கைப்பையத் தூக்குடா!"

எடக்கைக்காரங்க

"நாளைக்கும் ஜனங்க சிரிச்சா, நீ சட்டி பானையத் தூக்கு"ன்னு தவுக்கே சொல்லிட்டுப் போயிட்டாரு. ராத்திரி எங்க வீட்டுக்காரரு மூஞ்சியையும் பாக்க முடியல. கைய கழுத்துல தொங்க விட்டுக்கிட்டு செவுத்தப் பாத்துப் படுத்துக்கிட்டாரு.

மறுநா காலையில ரூமு வாசல்ல ஒரே சண்ட. தோட்டத்துல இருந்து படம் பாக்க வந்து சொந்தக்காரங்க வீட்டுல தங்குன புருசன் பொண்டாட்டி. எங்க கொட்டகையில திரைக்கு ரெண்டு பக்கமும் ஆளு உக்காரும். ஆம்பளைங்க முன்னால, பொம்பளைங்க பின்னால. திரை மெல்லிசுத் துணிதானே, பின்னாலயும் படம் தெரியும். புருசன் சொல்றாரு, மீசக்காரன் சோத்தாங்கையில துப்பாக்கி புடிச்சான்னு. பொண்டாட்டி சொல்றா, பீச்சாங்கையிலதான் புடிச்சான், வெள்ளக்காரன் அத்தன பேருமே பீச்சாங்கைன்னு. என்னய சாட்சிக்குக் கூப்புட்டாங்க. அப்பத்தான் எனக்கு மண்டையில ஒறச்சுச்சு. பின்னாலருந்து பாத்தா எல்லாமே எடது வலது மாறித் தெரியுது! உள்ள ஓடி எங்க வீட்டுக்காரரக் கேட்டேன். "இதப் போயி ஒருத்தரு சொல்லணுமா?"ங்குறாரு மனுசன். உடனே காசிம் அண்ணே கடைக்குப் போயி, இனிமே பக்கம் சொல்லாதீங்க, பேரச் சொல்லுங்கன்னு சொல்லிட்டு வந்தேன். குண்டன்னா குண்டன், சீமாட்டின்னா சீமாட்டி. வாசல்ல அந்தச் சண்ட இன்னும் தீரல. நான் படம் மாறித் தெரியுற கதைய வெளக்கி முடிச்சதும் அந்தப் பொண்ணு இடுப்புல கைய வச்சுக்கிட்டு புருசனக் கேட்டா: "அப்ப நேத்து முழுக்க நான் பாத்தது அவன் தம்பியா?"

கங்காணி சொன்ன நல்ல வார்த்த

பேரு வச்சு அடிச்ச பெறகு ஒரு தப்பு கூட வரல. ஒரு தோட்டத்துக் கங்காணி, தலப்பாவும் கோட்டுமா, படம் முடிஞ்சதும் பின்னால வந்து பலகையத் தூக்கிப் பாத்தாரு. அவுங்க தொரை காட்டுப்பன்னி சுடப் போறப்ப இவருதான் தோட்டாப் பை தூக்குவாராம். ரெட்டக் குழல் சத்தம் தனக்கு அத்துப்படின்னாரு. நான் பயந்துட்டேன், கொற சொல்லப் போறாருன்னு. அவரு பலகைய ஒரு தரம் சாத்தி, கட்ட வெரல நசுக்கிக்கிட்டு, ஊதி ஊதி சொன்னாரு: "சத்தம் எங்க தொரை துப்பாக்கிதாம்மா, ஒரே வித்தியாசம், உங்காளு சுட்டா ஏதாச்சும் விழுது."

இரும்புப் பெட்டி

படத்துல பேங்கு இரும்புப் பெட்டிய மருந்து வச்சு வெடிக்கிற எடம் ஒண்ணு வரும். எங்க வீட்டுக்காரரு முந்தியே மூங்கில்ல ஒரு பீரங்கி பண்ணி வச்சிருந்தது அதுக்கு ஒதவுச்சு. நோம்பு மாசத்துல மலாய்க்காரப் பசங்க அவுங்க கம்பத்துல, அதான் ஊருக்குள்ள, வெடி போடுவாங்க இல்ல, அதேதான். கார்பைட்டுக் கல்லு, கொஞ்சம் தண்ணி, தொளையில நெருப்பு. நல்ல மூங்கிலு. கோல கங்சாருல இருந்து படகுல வந்தது. அந்தப் படகுக்காரன் கல்யாணத்துக்கு நாங்க போனோம், ரெண்டாடு அறுத்தான். எங்க விட்டேன்? ஆங், பெட்டி.

ஒரு நா கல்லு கொஞ்சம் கூடப் போட்டுட்டேன். வெடிச்சுது பாருங்க, கூரை தகரம் பூரா ஆடிப் போச்சு. பக்கத்துல அடகுக் கட. கடைக்காரரு நெசமாவே கொள்ளக்காரன் வந்துட்டான்னு கதவச் சாத்தி, கம்பியப் போட்டு, உள்ளருந்து சேகண்டிய அடிக்க ஆரம்பிச்சிட்டாரு. தெருவே கூடிருச்சு. தவுக்கே போயி வாயாங்தான் லா வாயாங்தான்னு கெஞ்சுறாரு, அவரு தொறக்க மாட்டேங்குறாரு. கடைசியில காசிம் அண்ணே போயி, கொள்ளக்காரன புடிச்சு ஜெயில்ல போட்டாச்சு, படம் முடிஞ்சு போச்சுன்னாரு. கம்பிக்குள்ளருந்து கொரலு மட்டும் வந்துச்சு: "அவன புடிச்சா போதுமா, அள்ளிக்கிட்டுப் போன பணம் திரும்பி வந்துச்சா?"

சாக்கு ஸ்டேஷனுக்குப் போச்சு

அடகுக் கடைக்காரரு சும்மா விடுவாரா, மாத்தாகிட்ட, அதான் போலீசுகிட்ட, சொல்லிட்டாரு. மறுநா மத்தியானம் சார்ஜன் சிங்கு வந்து நின்னாரு. தோட்டத்துப் பக்கம் டூட்டி பாத்து நல்லாவே தமிழ் பேசக் கத்துக்கிட்டவரு. நெடு நெடுன்னு ஆளு, எங்க ரூமு வாசல்ல குனிஞ்சுதான் வரணும். "லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி வச்சிருக்கீங்களாம், எடுங்க"ன்னாரு. சாக்க அவுத்துக் கொட்டுனேன். தலையணயப் பாத்தாரு, டின்னப் பாத்தாரு, பலகையப் பாத்தாரு. சிரிப்ப அடக்கிக்கிட்டாரு. மூங்கிலப் பாத்ததும் மூஞ்சி மாறிப் போச்சு. "இது வெடிக்குது. பெரியவரு பாக்கணும்"னு மொத்தத்தையும் சாக்குல போட்டுத் தூக்கிட்டாரு. தலையணையாச்சும் குடுங்கண்ணேன்னேன். சேந்து இருந்துச்சுல்ல, சேந்துதான் போவும்னுட்டாரு.

தவுக்கே தலையில கைய வச்சுக்கிட்டாரு. "இன்னிக்கு சத்தம் இல்ல, நாளைக்கு நீ இல்ல." ஆட்டத்துக்கு நேரம் ஆச்சு. பின் பக்கம் பொம்பளைங்க வந்து உக்கார ஆரம்பிச்சாங்க. என் மூஞ்சியப் பாத்து என்னாக்கா என்னாக்கான்னு கேட்டாங்க, சொன்னேன். ஆத்து மண்ணுல ஈயம் அலசி எடுக்குற சீனத்தி ஒருத்தி, மொழி புரிஞ்சுச்சோ என்னவோ, கால்ல கெடந்த மரக் கட்டச் செருப்பக் கழட்டி என் கையில குடுத்தா. ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு தட்டிப் பாத்தேன், அச்சா ரிவால்வரு! ஒரு கெழவி வெத்தலப் பெட்டியக் குடுத்துச்சு. மூடிய சாத்துனா டிக்கு, சீமாட்டி ரெடி. குண்டனுக்கு ரெண்டு பேரு பெஞ்சு ஒண்ணத் தூக்கித் தூக்கிப் போட்டாங்க. காசிம் அண்ணே பேரச் சொல்லச் சொல்ல ஒண்ணு கூடத் தப்பல.

பெட்டி வெடிக்கிற எடம் வந்துச்சு. மூங்கில் இல்ல. எங்க கொட்டகை ஆத்தோரத்துல பள்ளத்துல நின்னதால, பின் பக்கம் தரை பூரா பலகைதான், கீழ வெறும் பொந்து. "எல்லாரும் எந்திரிங்க, நான் கைய எறக்குனா குதிங்க"ன்னேன். குதிச்சாங்க பாருங்க. மூங்கிலெல்லாம் எந்த மூலைக்கு!

சார்ஜன் அன்னிக்கு வேணுமின்னே முன் பெஞ்சுல உக்காந்திருக்காரு, எனக்குத் தெரியாது. நான் இன்னொரு பீரங்கி ஒளிச்சு வச்சிருக்கேன்னு நெனச்சு திரையச் சுத்தி ஓடியாந்தாரு. அந்த நேரம் மீசக்காரன் போலீசச் சுடுறான், நான் செருப்ப ஓங்கிக்கிட்டு நிக்கிறேன், நேர் எதுக்க சார்ஜன். கைய நிறுத்துனா படம் கெட்டுப் போவும். அவரு மூஞ்சிக்கு முன்னாலயே படார் படார்னு தட்டி முடிச்சேன். அவரு ஒவ்வொருத்தரையா பாத்தாரு. பெஞ்சப் பாத்தாரு. வெத்தலப் பெட்டியப் பாத்தாரு. தொப்பியக் கழட்டி தலையச் சொறிஞ்சுக்கிட்டு சொன்னாரு: "அக்கா, சாக்க நாளைக்கு வந்து எடுத்துக்குங்க, இந்தச் செருப்புக்கு மட்டும் லைசென்ஸ் எடுத்துருங்க."

கை கூடுனப்ப

சாக்கு வந்துச்சு, மூங்கில் வரல. வேண்டியதும் இல்ல. பெட்டி வெடிக்க நாமளும் குதிக்கலாம்னு கேள்விப்பட்டு காம்பாருல இருந்தெல்லாம் பொம்பளைங்க வண்டி கட்டிக்கிட்டு வந்தாங்க. பின் பக்கம் எடம் பத்தாம, சில பேரு நின்னுக்கிட்டே படம் பாத்தாங்க.

இந்த நேரத்துல எங்க வீட்டுக்காரருக்குக் கை கூடிருச்சு. வேல அவரோடது, நான் என்ன சொல்ல முடியும்? சாக்க அவருகிட்ட குடுத்துட்டு அடுப்படியில உக்காந்துட்டேன். கருவாட்டுக் கொழம்பு வச்சேன், உப்புப் போட மறந்துட்டேன். அன்னிக்கு அவரு நல்லாத்தான் சுட்டாரு, என்னய விட நல்லான்னு கூட சொல்லுவேன். ஆனா பெட்டி வெடிக்கிற எடத்துல அவரு கைய எறக்குனாரு, ஒருத்தி கூடக் குதிக்கல, அக்கா கை எறக்குனாத்தான்னு உக்காந்துட்டாங்க. முன்னால ஆம்பளைங்க கூச்சல் போட்டாங்க, பெட்டி தானா தொறந்துக்குச்சுடான்னு. தவுக்கே பின்னால வந்து அவரப் பாத்தாரு, அடுப்படியில இருந்த என்னயப் பாத்தாரு, போயிட்டாரு. எங்களுக்குத் தூக்கமே இல்ல. ரூமு ஒண்ணு, சாக்கு ஒண்ணு, ஆளு ரெண்டு. அவரு கோவிச்சுக்கிட்டு தோட்டத்துக்குப் போலாம்னு சொல்லிருவாரோன்னு பயந்துக்கிட்டே கெடந்தேன்.

விடிஞ்சதும் அவரு எந்திரிச்சு, பரணுல கெடந்த தப்ப எறக்கி நெருப்புல காட்டிக்கிட்டு இருந்தாரு. தவுக்கேகிட்டயும் பேசிட்டு வந்துட்டாராம். படத்துக்கு ஆளு சேக்க தெருத்தெருவா வண்டியில தப்பு அடிச்சுக்கிட்டுப் போறதுன்னு முடிவு பண்ணிட்டாரு. எங்கிட்ட மூஞ்சியக் காட்டாம, தோல விரலால தட்டிப் பாத்துக்கிட்டே சொன்னாரு: "ஊர்ல உள்ளவன அத்தன பேரையும் நான் கூட்டிக்கிட்டு வாரேன், நீ சுட்டுத் தள்ளு."

பேசுற படம் வர்ற வரைக்கும் நான் சுட்டதுக்குக் கணக்கே இல்ல, ஆனா செத்தவன் எல்லாம் அடுத்த ஆட்டத்துக்கு எந்திரிச்சு வந்துட்டான், காய்ச்சுப் போனது என் உள்ளங்கை மட்டுந்தான்.