பெட்டிக்குள் பூட்டிய வேதாகமம்

இன்று தென்காசி தேவாலயத்தில் ஒரு சிறுமி வேதபாடம் வாசித்தாள். சபையே அமைதியாகக் கேட்டது. எனக்கோ அம்மாவின் ஞாபகம் வந்தது.

வெள்ளைக்காரன் காலம், எனக்கு எட்டு வயது. சாரல் விழுந்த ஒரு விடியலில், குடும்ப ஜெபத்தில் அப்பா வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசிக்கும்போது ஒரு வரியை விட்டுவிட்டார். மிஷன் பள்ளியில் படித்த அம்மா மெல்ல எடுத்துச் சொன்னாள்.

"எனக்கே பாடம் சொல்லுதியோ?" அப்பா அம்மாவின் வேதாகமத்தைப் பிடுங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். சாகும்வரை திறந்து கொடுக்கவில்லை.

அவருடைய அடக்க ஆராதனையில் போதகர், "வேதத்தை நேசித்த மனுஷன்" என்றார்.

"அம்மாவோட வேதத்தைப் பூட்டி வச்சவரு!" என்று கத்தினேன்.

அம்மா என் கையை நெரித்தாள். "சும்மா கெட, ஏட்டி. அப்பாவை அப்படிச் சொல்லாத."

அவர் செத்த பிறகும் அவருக்குப் பயந்தாளே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.