அங்கம்மா சொன்ன ‘எப்பா’

ஆறு வயதில் காய்ச்சலோடு இரண்டு கண்ணும் போன பிறகு பிரேமிளா வென்றவை இவை: வேறொருவர் உடனிருந்து எழுத, சாதாரண தரப் பரீட்சையில் ஏழு பாடங்களில் சித்தி. கலகெதரையிலிருந்து கண்டிக்கும், அங்கிருந்து பிலிமத்தலாவைக்கும் பஸ் மாறித் தனியாகப் போய்வரும் துணிவு. “கண் தெரியாத பிள்ளையை எப்படி எடுக்கிறது” என்று மூன்று இடங்களில் திருப்பி அனுப்பிய பின், நான்காவது இடத்தில் பதினொரு மாதம் படித்த தசை நோவுச் சிகிச்சை.

அந்தப் படிப்பு, பிலிமத்தலாவைப் பயிற்சி நிலையத்தில் நாற்பது நிமிடச் செய்முறைப் பரீட்சையில் வந்து நின்றது. தேறினால் பேராதனைப் பக்கம் ஒரு சிகிச்சை நிலையத்தில் வேலை. தவறினால் அடுத்த பரீட்சைக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்; வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

அண்ணன் ரமேஸ் கதவோரக் கதிரையில் இருந்தான். அவன் ஒரு வார்த்தை பேசினாலும் பரீட்சை ரத்து என்று பரீட்சகர் சிங்களத்தில் சொல்லியிருந்தார். பரீட்சகரான அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது.

சிகிச்சைக்குக் குப்புறப் படுத்திருந்தவள் அவர்கள் தேயிலைத் தோட்டத்தில் பக்கத்து லயத்து வீட்டு அங்கம்மா. இருபது வருடம் கொழுந்து சுமந்து வலது தோள் கல்லாக இறுகியிருந்தது.

“மெதுவா பண்ணு புள்ள. ரொட்டிக்கு மாவு பிசையிற மாதிரி பிசைஞ்சிராத.”

“ஒங்க தோளு மாவு மாதிரி இருந்தா நான் ஏன்க்கா படிக்கப் போறேன்? பேசாம படுங்க.”

பிரேமிளா எண்ணெய் தொட்டு, உள்ளங்கையைத் தோளில் வைத்துக் காத்திருந்தாள். அவள் அழுத்தி மல்லுக்கட்ட மாட்டாள். தசை தானாகக் கொஞ்சம் இளகும்வரை பொறுத்து, இளகிய அளவுக்கு மட்டும் விரலை நகர்த்துவாள். பதினான்காவது நிமிடத்தில் அங்கம்மா நீளமாக மூச்சு விட்டாள்.

“எப்பா...” கொஞ்சம் கழித்து மறுபடி, “எப்பா... எப்பா...”

ரமேஸ் கதிரையின் நுனிக்கு வந்தான். நோவு இறங்கும் சுகத்தில் தோட்டத்தில் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் சிங்களக் காதுக்கு அது ‘வேண்டாம்’. நோயாளி வேண்டாம் என்றால் அந்தக் கணமே கையை எடுக்க வேண்டும் என்பது முதல் விதி. பிரேமிளாவின் கை தோளிலேயே இருந்தது.

பரீட்சகரின் பேனா நின்றது. “மூன்று தரம் எப்பா சொன்னார். நீ நிறுத்தவில்லை,” என்றார் சிங்களத்தில்.

“அது தமிழ் எப்பா, மிஸ். சுகத்தில் சொல்வது.” பிரேமிளாவும் சிங்களத்திலேயே சொன்னாள்.

பரீட்சகர் நம்பவில்லை. குனிந்து, “எப்பா சொன்னீர்களா?” என்று அங்கம்மாவையே கேட்டார்.

சந்தைக்குப் போதுமான சிங்களம் அங்கம்மாவிடம் இருந்தது. “ஓவ் மிஸ், ஓவ்,” என்று சந்தோஷமாக ஆமோதித்தாள்.

ரமேஸ் பல்லைக் கடித்துக்கொண்டான். வாய் திறந்தால் தங்கையின் பதினொரு மாதமும் போச்சு, திறக்காவிட்டாலும் போச்சு.

பிரேமிளா குரலை உயர்த்தவில்லை. “மிஸ், உங்கள் கையை இங்கே வைத்துப் பாருங்கள். வேண்டாம் என்கிற உடம்பு இறுகும். இது இறுகியிருக்கிறதா?”

 பரீட்சகர் கிட்ட வந்து, அவள் காட்டிய இடத்தில் விரல் வைத்து மெல்ல அழுத்தினார்.

“எப்பா...” என்றாள் அங்கம்மா.

சூடு பட்டதுபோல் பரீட்சகர் கையை எடுத்தார். தலையைத் தூக்காமலே அங்கம்மா இடது கையால் பின்னே துழாவி, அந்த விரல்களைப் பிடித்துத் திரும்பத் தோளில் வைத்தாள். “ஏன் எடுத்துட்ட? இப்பதான் சுகமா இருந்துச்சு.”

தமிழ் தெரியாத அந்த அம்மாவுக்கு அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. தாளில் எழுதியதை ஒரு கோடிழுத்து வெட்டினார். “தொடருங்கள்,” என்றார். மிச்ச நேரம் முழுவதும் அங்கம்மா எத்தனை எப்பா சொன்னாலும் அவர் பேனா நிற்கவில்லை.

தேறியோர் பதிவேட்டோடு, பெருவிரல் வைக்க மை தோய்த்த பஞ்சுப்பெட்டியும் வந்தது. பிரேமிளா பெட்டியை ஒதுக்கிப் பேனா கேட்டாள். கண் போகுமுன் முதலாம் ஆண்டில் கற்ற எழுத்துகளே அவளிடம் இருந்தன. பேனா கோட்டைவிட்டு இறங்காதபடி பரீட்சகர் அதன் கீழே அடிமட்டக் கோலைப் பிடித்தார்.

“அண்ணே, நேரா இருக்கா?”

“கடைசி எழுத்து கொஞ்சம் ஏறிப் போச்சு. இருக்கட்டும் விடு.”

பெருவிரல் அடையாளமே வைத்துவந்த பிரேமிளா முதன்முதலில் கையொப்பமிட்ட நாள்: 2023 செப்டெம்பர் 14, வியாழக்கிழமை.