டேப்பில் இல்லாத சத்தம்

ஜோர்ஜ் டவுன் திடலில் ஞாயிறுதோறும் கிரிக்கெட் நடக்கும். நான் கீப்பருக்குப் பின்னால், எல்லைக்கோட்டோரம் தேத்தண்ணி விற்பேன். அம்பயராக நிற்பவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஒல்லியான மனிதர், வெள்ளைக் கோட்டு. எண்ணிக்கை தவறாமலிருக்க, ஒவ்வொரு பந்துக்கும் ஒரு சின்னக் கல்லாக இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்கு மாற்றிக்கொண்டே இருப்பார்.

ஒருநாள், பந்து மட்டையில் உரசிக் கீப்பர் கைக்குப் போனதென்று ஒருவரை அவுட் கொடுத்தார். பெரிய சண்டை. யாரோ வீடியோ பிடித்திருந்தார்கள். ஆட்டம் முடிந்து, நான் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்த கிளப் அறை டிவியில் திரும்பத் திரும்பப் போட்டார்கள். படம் ஒரே மங்கல், உரசியது தெரியவில்லை. சத்தமெல்லாம் கூட்டத்தின் இரைச்சல்தான்.

"டேப்புலயே ஒன்னும் இல்ல லா! கண்ணாடிய மாத்துங்க அங்கிள்" என்று சிரித்தார்கள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "அக்கா, நீங்க கிட்டத்துலதானே இருந்தீங்க? மட்டையில பட்ட சத்தம் கேட்டுச்சா?"

எனக்கு நன்றாகவே கேட்டிருந்தது. ஆனால் அத்தனை ஆம்பிளைகளும் என்னையே பார்த்தார்கள்.

"எனக்கு என்னங்கய்யா தெரியும்" என்று குனிந்து, காலிக் கிளாஸ்களை எடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

"பரவால்லக்கா" என்றார். அதற்குப் பிறகு அவர் திடலுக்கு வரவே இல்லை.

அந்தச் சத்தத்துக்கு நான் தலைநிமிர்ந்ததை அவர் பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அத்தனை பேரை விட்டுவிட்டு என்னிடம் ஏன் கேட்டார்?